பெட்ரோல் குடித்த மாடு

எங்கள் சித்தப்பாவுக்கு முதலியார்பேட்டையில் நல்ல பெயர் கிடையாது. பெற்ற பிள்ளையைச் சாகக் கொடுத்துவிட்டு வண்டி துடைத்துக்கொண்டிருந்த மனுஷன் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. இப்போதுகூடக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருகிற யாராவது ஒரு அம்மாள், "நீ அந்த ரொட்டிக்காரரு அண்ணன் மகதானே?" என்று ஆரம்பிப்பாள். எனக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறும். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை. யாரிடமும் சொல்லாதே என்று சித்தப்பா சொல்லியிருந்தார். சித்தி இருக்கும்வரை சொல்லக்கூடிய விஷயமும் அல்ல அது. போன மாசம் சித்தியும் போய்விட்டாள். இனி யாருக்காக மூடி வைப்பது?

சித்தப்பா அப்பாவுக்கு அடுத்தவர். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம், முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் அவர்கள். மில்லில் பஞ்சுப் பொதி சரிந்து விழுந்ததில் அவருடைய வலது முழங்கால் நசுங்கிப்போய், அந்தக் கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கட்டையை இழுத்துக்கொண்டு வருவதுபோல இழுத்துக்கொண்டுதான் நடப்பார். மடங்காத காலுக்கு மில்லில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரும் கொஞ்ச காலம் பின்கட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருப் பையன்கள் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டு மூட்டை கட்டிய சமயம் அது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் வாசலிலேயே சாமான்களைப் பரப்பி வைத்து வந்த விலைக்கு விற்றார்கள். எங்கள் தெருவிலிருந்து போனவர்கள் நிலைக்கண்ணாடி, பீங்கான் தட்டு, சாய்வு நாற்காலி என்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். சித்தப்பா, கப்பல் ஏறப்போகிற ஒரு பிரெஞ்சுக்கார முசியேவிடம் சித்தியின் இரண்டு வளையலைக் கொடுத்து ஒரு வெலோமொத்தேர் வாங்கிக்கொண்டு வந்தார். சைக்கிள்தான், ஆனால் முன்சக்கரத்துக்கு மேலே தேங்காய் அளவில் ஒரு எஞ்சின் உட்கார்ந்திருக்கும். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏண்டா, இது வண்டியா, தையல் மிஷினா?" என்று கேட்டார்.

அந்தத் தையல் மிஷின் செய்த வேலையை இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள். எஞ்சினுக்கு அடியில் ஒரு சின்னக் கல் உருளை இருக்கும். ஒரு கம்பியைத் தள்ளினால் எஞ்சின் இறங்கி, உருளை டயர் மேல் அழுந்தி உட்காரும். உருளை சுற்றினால் அதன் உரசலில் டயரும் சுற்றும், அவ்வளவுதான். முன்சக்கரத்துக்குச் சங்கிலியும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. சித்தப்பா இடது காலால் ஒரு மிதி மிதிப்பார், நாங்கள் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளுவோம், 'டுர்ர்' என்று பிடித்துக்கொள்ளும். பிறகு வலது கால் எதற்கு? அது பாட்டுக்குக் கம்பீரமாக நீட்டிக்கொண்டு போகும். மழை நாளில் மட்டும் உருளை கொஞ்சம் வழுக்கும். சித்தப்பா இறங்கித் துண்டால் டயரைத் துடைத்துவிட்டு, "தண்ணியில நிக்க மாட்டேங்குது கழுதை" என்று செல்லமாகத் திட்டிவிட்டு ஏறிக்கொள்வார்.

நகரத்திலிருந்த ஒரு ரொட்டிக் கிடங்கில் அவருக்கு வேலை கிடைத்தது அந்த வண்டியால்தான். விடிகாலையில் அடுப்பிலிருந்து எடுத்த நீள ரொட்டிகளை இரண்டு கூடையில் அடுக்கிக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதிர்காமத்து டீக்கடைக்குப் போய்விடுவார். அங்கிருந்து திரும்பி வைத்திக்குப்பம். குப்பத்து மணலில் ஒருநாள் பெரிய மோட்டார் சைக்கிளில் வந்த போலீஸ்காரர் சக்கரம் புதைந்து நின்றுவிட்டார். நாலு பேர் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. சித்தப்பா தன் வண்டியை விட்டு இறங்கி, ஆட்டுக்குட்டியைக் காதைப் பிடித்து இழுத்துப் போவதுபோல அதை இழுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போய், மறுபடி ஏறி உட்கார்ந்து போய்விட்டார். இந்தக் கதையை அவர் சொல்லாத நாள் இல்லை. ஒவ்வொரு தடவையும் போலீஸ்காரரின் மோட்டார் சைக்கிள் இன்னும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகும். அதற்குப் பிறகு தெருவில் யாரும் அவரைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ரொட்டிக்காரர் ஆகிவிட்டார். வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து சித்திக்குப் பிறந்த தம்பிப் பாப்பாகூட அம்மா, அப்பா என்று சொல்வதற்கு முன்னால் 'டுர்ரு' என்றுதான் சொன்னான்.

சித்தி மேற்கே ஒரு கிராமத்துப் பயிர்க்காரர் வீட்டுப் பெண். பிறந்த வீட்டில் ஏர்மாடு, வண்டிமாடு, கன்று என்று வாசல் நிறைய இருந்தவளுக்கு, எங்கள் வீட்டில் பூனைகூட இல்லாத மாட்டுப்பொங்கல் பெரிய குறை. அந்த நாள் வந்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கொடி இறங்கி மூன்றாவது பொங்கலோ நாலாவதோ, அந்த வருஷம் காலையிலேயே புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வண்டியைக் கிணற்றடிக்குத் தள்ளிப்போனாள். தேங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, விளக்குக்கு மேலே குங்குமம் வைத்தாள். கைப்பிடி இரண்டுக்கும் கொம்புக்கு அடிப்பதுபோலக் காவி அடித்து, ஆவாரம்பூ மாலை போட்டாள். இலையில் பொங்கலை வைத்து அதன் முன்னால் நீட்டினாள். தெருவே வந்து சிரித்தது. அப்பா சிரித்துச் சிரித்து இருமினார்.

"பெட்ரோல் குடிக்கிற மாட்டுக்குப் பொங்கல ஊட்டுறியே, வயித்தால போவப்போவுது" என்றார் சித்தப்பா.

"சோறு போடுதில்ல? அப்ப அது மாடுதான்" என்றாள் சித்தி. அதோடு பேச்சு முடிந்தது.

அன்று பொழுது சாய்கிற நேரம். சித்தப்பா கிடங்குக்காரரைப் பார்க்கப் போயிருந்தார். சித்தி வண்டியின் முன்னால் குந்திக்கொண்டு டயரைத் தடவிப் பார்த்தாள். உருளை உரசி உரசி முன்டயர் முழுக்கச் சன்னமாக வெடிப்பு விட்டிருந்தது. "ஐயோ, எப்பிடி வெடிச்சிருக்கு பாரு பாப்பா, பாவம்" என்றாள் என்னிடம். அவள் அப்பா வீட்டில் உழைத்த மாட்டுக்குக் குளம்பு வெடித்தால் விளக்கெண்ணெயைக் காய்ச்சித் தடவுவார்களாம், இரண்டு நாளில் ஆறிவிடுமாம். அடுப்பில் விளக்கெண்ணெயைக் காட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, வெடிப்புக்கு வெடிப்பு விரலை வைத்து, பிள்ளைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். கல் உருளையும் காய்ந்து கிடந்தது. அதற்கும் போட்டாள். தம்பிப் பாப்பா என் மடியில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அன்று முழுக்க அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. குரல் கம்மியிருந்தது. முதல் நாள் கரும்பு கடித்ததில் சக்கை தொண்டையில் கீறியிருக்கும் என்று எல்லோரும் சொன்னோம்.

மறுநாள் காணும்பொங்கல். ஊரே கடற்கரைக்குப் போய்விட்டது. அப்பா, அம்மா, அண்ணன்மார் எல்லோரும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனார்கள். தம்பிப் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று சித்தி போகவில்லை. அவனை விட்டுப் போக மனசில்லாமல் நானும் தங்கிவிட்டேன். ரொட்டிக் கிடங்குக்கு விடுமுறை, அதனால் சித்தப்பா வண்டியைத் தொடவில்லை. மத்தியானத்துக்கு மேல் குழந்தையின் கழுத்து வீங்கிக்கொண்டு வந்தது. மூச்சு இழுக்கும்போது மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. உதடு கறுக்க ஆரம்பித்தது. தொண்டை அடைப்பான் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

சித்தி அலறினாள். சித்தப்பா காலை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ரிக்‌ஷா ஒன்றுகூட இல்லை. எல்லாம் கடற்கரைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. தெருவில் நடக்கிற ஆண்பிள்ளை ஒருத்தன் இல்லை. அவர் திரும்பி வந்தபோது முகத்தில் பயம் இருந்தாலும், வண்டியைப் பார்த்ததும் ஒரு தைரியம் வந்ததை நான் பார்த்தேன். "ஏறு. பெரியாஸ்பத்திரி எம்மா தூரம், இதோ போயிடலாம்" என்றார். சித்தி பின்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாலையும் குங்குமமும் போட்டிருந்த வண்டியைப் பார்த்து அவன் அந்த நிலைமையிலும் உதட்டைக் குவித்தான். 'டுர்ரு' சொல்லப் பார்த்தான், சத்தம் வரவில்லை.

நான் தள்ளினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. தெரு முனை வரைக்கும் போகத்தான் போனது. நானும் பின்னாலேயே ஓடினேன். பெரிய ரோட்டில் வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் திடீரென்று கத்த ஆரம்பித்தது. அப்படி ஒரு கத்தலை அது கத்தி நான் கேட்டதே இல்லை. எஞ்சின் கத்துகிறது, உருளை பறக்கிறது, சக்கரம் மட்டும் அசையாமல் நிற்கிறது. சித்தப்பா இடது காலால் மிதித்து மிதித்துப் பார்த்தார். நான் முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். இரண்டு பேர் பாரத்தை ஏற்றத்தில் தள்ள எனக்கு எங்கே பலம்? வண்டி பின்னுக்குத்தான் வந்தது. சித்தி குதித்து இறங்கினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் அடிக்க அடிக்க அவள் ஓடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அவளோடு ஓட இவரால் முடியாது. மண்ணை அள்ளி டயரில் தேய்த்தார். நானும் அள்ளிக் கொடுத்தேன். மறுபடி எஞ்சினைப் பிடிக்க வைத்துப் பார்த்தார், மறுபடி அதே கத்தல். மண்ணும் எண்ணெயும் சேர்ந்து களியாகிவிட்டது. அப்போதுதான் கையை மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"விளக்கெண்ணெ" என்றார். பிறகு, "யாரு பாப்பா போட்டது?"

"சித்திதான். வெடிப்பு ஆறட்டும்னு நேத்தி தேச்சாங்க. நான்தான் வெளக்கு புடிச்சேன்" என்று பெருமையாகவே சொன்னேன்.

அவர் சித்தி ஓடிய பக்கம் பார்த்தார். அவள் வளைவில் மறைந்துவிட்டாள். வண்டியைப் பாலத்துப் பக்கத்திலிருந்த சோடாக் கடையில் சாய்த்து வைத்துவிட்டு, என் தோளில் கையை ஊன்றிக்கொண்டு நடந்தார். எட்டு வயசுத் தோள். அன்று அவர் வைத்த பாரத்தில் எனக்கு எலும்பே முறிந்துவிடும்போல் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சித்தி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, முகம் வரைக்கும் அவள் முந்தானை மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு மாசேர், வெள்ளை உடுப்புப் போட்ட கன்னியாஸ்திரீ, குனிந்து நின்று சித்தியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தனக்குத் தெரிந்த தமிழில், "கொஞ்சம் முன்னே, கொஞ்சம் முன்னே வந்திருந்தா" என்றார். பாவம், நல்ல மனசு. ஆறுதலுக்குச் சொன்னதுதான். அந்தக் 'கொஞ்சம் முன்னே' எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததுதான், அப்புறம் எழுந்து போகவே இல்லை.

சித்தி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அழவில்லை.

"வண்டிக்கு இன்னாங்க ஆச்சி?" என்று கேட்டாள்.

அவர் மண்ணும் எண்ணெயும் ஒட்டியிருந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதற்குள் யாரோ சொல்லி அப்பாவும் அம்மாவும் கடற்கரையிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். அம்மா விழுந்து புரண்டு அழுதாள். அப்பா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு ரிக்‌ஷாவுக்கு ஆள் அனுப்பினார். "நீங்க போங்க, நான் வண்டியப் பாத்துட்டு வரேன்" என்றார் சித்தப்பா. அப்பா அவரைப் பார்த்த பார்வையை நான் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா மறுபடியும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சோடாக் கடையில் மண்ணெண்ணெய் வாங்கினார். பொங்கலுக்கு எடுத்த புதுத் துண்டை அதில் நனைத்து, டயரைத் துடைத்தார். வெடிப்புக்கு வெடிப்பு விரலை விட்டுத் துடைத்தார். உருளையைத் துடைத்தார். முகர்ந்து பார்ப்பார், மறுபடியும் துடைப்பார். கடற்கரையிலிருந்து திரும்புகிற சனமெல்லாம் அந்தப் பாலத்து வழியாகத்தான் வந்தது. அதற்குள் எங்கள் தெரு ஆட்களுக்குச் சேதி தெரிந்துவிட்டிருந்தது. "புள்ளய அங்க தூக்கிட்டுப் போறாங்க, இவன் குந்திக்கினு வண்டி தொடைக்கிறான் பாரேன், மனுஷனா இவன்!" என்று ஒரு பெண்பிள்ளை காதில் விழும்படியாகவே சொல்லிவிட்டுப் போனாள். எனக்கே அவர்மேல் ஆத்திரமாக வந்தது. தம்பிப் பாப்பா செத்துப் போயிருக்கிறான், இவருக்கு வண்டி பளபளக்க வேண்டுமா?

துடைத்து முடித்ததும் எஞ்சினிலிருந்து பொறி தட்டுகிற ப்ளக்கைக் கழற்றினார். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாய்க்காலில் வீசினார். துண்டையும் அதன் பின்னால் எறிந்தார். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மண்ணெண்ணெய் வாடை எனக்குக் குமட்டியது.

"பாப்பா, எண்ணெ போட்டத யாருகிட்டயும் சொல்லாத கண்ணு. அம்மா, அப்பா யாரு கேட்டாலும் சொல்லாத. முக்கியமா சித்திகிட்ட பேச்சே எடுக்காத. எந்தக் காலத்துலயும் சொல்லக் கூடாது, இன்னா?"

சரி என்றேன். தன் வண்டி டயர் வெடித்துக் கிடந்தது ஊருக்குத் தெரிந்தால் அவருக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தோம். பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். என்னடா ஆச்சு வண்டிக்கு என்று அப்பா கேட்டதற்கு, "ப்ளக் போச்சி" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான். அப்பா வெடித்துவிட்டார். வண்டி வைத்திருக்கிறவன் மாற்று ப்ளக் ஒன்று வைத்துக்கொள்ள மாட்டானா, வெள்ளைக்காரன் போனபிறகு அதற்குச் சாமான் கிடைக்காது என்று தெரியாதா, நொண்டிக் காலுக்கு ஜம்பம் ஒரு கேடா என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். சித்தி எழுந்து வந்து சித்தப்பா மார்பில் இரண்டு கையாலும் அறைந்தாள். "ஒரு ப்ளக்குக்கா? ஒரு ப்ளக்குக்கா எம் புள்ள போனான்?" என்று அறைந்துகொண்டே இருந்தாள். அவர் தடுக்கவில்லை. தூண்போல நின்றார். பொய் சொல்கிறாரே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் வண்டியில் ஏறவில்லை. ரொட்டிக் கூடை ஒரு சைக்கிள்காரனுக்குப் போயிற்று. சித்தப்பா கிடங்கிலேயே அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலைக்குக் காலை இழுத்துக்கொண்டு நடந்து போனார், நடந்து வந்தார். தெருப் பையன்களுக்குப் பழைய பெயர் ஞாபகம் வந்துவிட்டது. சித்திக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. கடைசிவரைக்கும் அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகம் கொடுத்துப் பேசியதில்லை. அந்த நோய்க்கு வண்டி பறந்து போயிருந்தாலும் பிழைத்திருப்பானா என்பது யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் நான் நினைத்துப் பார்க்க எனக்கே ஒரு பிள்ளை பிறந்து, அதுவும் ஒருநாள் காய்ச்சலில் கிடக்க வேண்டியிருந்தது. அப்போது சித்தப்பா இல்லை. புரிந்துவிட்டது என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று.

ஒன்றை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். அடுத்த வருஷம் மாட்டுப்பொங்கல். எங்கள் வீட்டில் அந்த வருஷம் பொங்கல் இல்லை. வண்டி கிணற்றடியில் துருவேறிக் கிடந்தது, கைப்பிடியில் மட்டும் காவி கொஞ்சம் ஒட்டியிருந்தது. தெருவில் யார் வீட்டு மாடோ சலங்கை குலுங்கப் போயிற்று. அந்தச் சத்தத்துக்குச் சித்தி பின்கட்டிலிருந்து வெளியே வந்து வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா, அம்மா, நான் எல்லோரும் இருந்தோம். சித்தப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"போன வருஷம் இந்நேரம் குளிப்பாட்டிப் பொட்டு வெச்சி, வெடிச்சிருக்கேன்னு எண்ணெ போட்டு அப்பிடித் தேச்சேனே! பெத்த புள்ளைக்குக்கூட அப்பிடித் தேய்க்கலியே! அந்த நன்றிகூட இல்லாம பூட்டுதே இந்தச் சனியன்" என்றாள் சித்தி.

எண்ணெய் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் சட்டென்று சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய மனுஷன் சின்னப் பெண்ணைப் பார்த்து அப்படிக் கண்ணாலேயே கெஞ்சுவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"ஆமா, நன்றி கெட்டதுதான்" என்றார் அவர்.

இன்னமும் அந்த வண்டியின் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார் என்று எண்ணி, சொல்ல மாட்டேன் என்று நான் தலையை ஆட்டினேன்.